யோனாவுக்குக் கொடுத்த ரஸ்க்

அத்தியாயம் ஆறு

இந்த வாரம்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்களுக்கு நான்கு வரி. நேசகுமார் என் கணவர். சித்தூர் மின்வாரிய அலுவலகத்தில் வேலை. சபையில் கமிட்டி மெம்பர். சர்க்கரை நோயாளி. ஒரு திங்கட்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வீட்டில் மீதி இருந்தது மூன்று பேர். நூலகத்தில் வேலை செய்யும் நான், கேசியா. திருப்பதி ஹாஸ்டலிலிருந்து அடக்கத்துக்கு வந்து, திரும்பிப் போகாத என் மகள் பிளெஸ்ஸி. அப்புறம் அவர் வளர்த்த முயல், யோனா.

பேர் வைத்தது அவர்தான். வாங்கி வந்த அன்றே கூடையிலிருந்து தப்பி, பீரோவுக்கு அடியில் மூன்று நாள் கிடந்தது. பைபிளில் மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனாவின் பேரை விட்டால் வேறு பேர் வைக்க வழியில்லை என்றார்.

நாற்பத்தோராம் நாள், சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு பிளெஸ்ஸி பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, யோனா எழுந்துக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். கூண்டின் மூலையில் முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர்க் கிண்ணத்தில் நேற்று ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. கூண்டுத் தரையில் ஒரு புழுக்கைகூட இல்லை.

"நேத்து ராத்திரி போட்ட கேரட்டும் அப்படியே கீது" என்றாள். "இதுவும் போவப் போவுது. நைனா கூட."

அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

அழவில்லை. நானும் அழவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் அழுததாக ஞாபகம் இல்லை. பாத்திரம் கழுவினோம், கதவைத் திறந்தோம், வந்தவர்களுக்கு டீ கொடுத்தோம்.

யோனாவுக்குத் துக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முதல் இரண்டு வாரம் அது ஒரு நிலையில் இல்லை. வீடு முழுக்க ஓடியது, காலைச் சுற்றியது, கூண்டுக் கம்பியைக் கடித்தது, பிளெஸ்ஸியின் விரலைக்கூட ஒருமுறை கடித்துவிட்டது. "எஜமானத் தேடிக்கினு ஓடுது பாரு" என்றார் ஜெபமணி அக்கா. ஜெபக்கூட்டத்துக்கு வாராவாரம் வருகிறவர். மூன்றாவது வாரத்திலிருந்து ஓட்டம் நின்றது. திறந்து விட்டாலும் படுத்தே கிடந்தது. பின்னங்கால் மயிரில் அழுக்கு ஒட்டிக் காய்ந்தது. "தேடித் தேடி ஓஞ்சி போச்சி" என்றார் ஜெபமணி அக்கா.

எனக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது வெளியே தெரிகிற மாதிரி துக்கப்படுகிறதே என்று.

உள்ளூர் மாட்டு டாக்டருக்கு போன் போட்டேன். முயல் தனக்குப் பழக்கமில்லை, திருப்பதியில் ஒரு அம்மா சின்னப் பிராணிகளைப் பார்க்கிறார், நேரம் கடத்தாமல் போங்கள் என்று நம்பர் கொடுத்தார். சைமனைக் கூப்பிட்டேன். சைமன் என் கணவரின் தம்பி. அரை மணியில் காரோடு வந்தார்.

"முசலுக்கு ஆஸ்பத்திரியா?" என்றார், கூண்டைப் பார்த்து. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி அண்ணி, ஏறுங்க."

கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பிளெஸ்ஸி முன்னால் உட்கார்ந்தாள். பின்சீட்டில் நான். பாகாலா திருப்பம் தாண்டினோம். அந்த நேரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சபையில் துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வர மாட்டார்கள். முதல் மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்க விட மாட்டார்கள். இட்லி வரும், சாம்பார் வரும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் ரஸ்க், பிரெட், பிஸ்கட் பாக்கெட், வாழைப்பழச் சீப்பு என்று கொண்டு வருவார்கள். ஜெபம் முடிந்ததும் அதன்மேல் கை வைத்து ஆசீர்வதித்து, மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆறு வாரத்தில் மேசை கொள்ளவில்லை. எங்கள் இருவர் வாயிலும் ஒன்றும் இறங்கவில்லை. ஜெபித்து வைத்த பண்டத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படி வளர்ந்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே ஒருநாள் ஒரு ரஸ்க்கை உடைத்து யோனாவுக்குப் போட்டேன். அது ஓடி வந்து என் பாதத்தின் மேல் ஏறி நின்று தின்றது. அதன் பிறகு தினமும் போட்டேன். காலையில் இரண்டு, பிளெஸ்ஸி தூங்கும்போது. சாயங்காலம் பிஸ்கட். பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே துள்ளிக்கொண்டு வரும். அந்த வீட்டில் என்னைப் பார்த்து ஓடி வந்தது அது ஒன்றுதான்.

திருப்பதி கிளினிக்கில் முன்னால் இருந்த பெண் பெயர் எழுதினாள்.

"பேஷன்ட் பேரு?"

"யோனா."

"ஓனர் பேரு?"

"கே. நேசகுமார்" என்றேன்.

பிளெஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் எழுதிவிட்டாள்.

"சார் ராலேதா?"

"வரலை" என்றேன்.

எங்கள் முறை வந்தபோது மணி இரண்டு. டாக்டர் பெயர் கன்னிகா. முப்பத்தைந்து வயது இருக்கும். குப்பத்துக்காரராம், தமிழ் தாராளமாகப் பேசினார். யோனாவை மேசையில் வைத்து வயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அமுக்கினார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"குடல் ஓடற சத்தமே இல்ல" என்றார். "எப்பத்திலேருந்து புழுக்கை போடல?"

"நேத்து மத்தியானத்திலேருந்து இருக்கும்" என்றாள் பிளெஸ்ஸி. "நைனா தவறிட்டாரு மேடம். அவருதான் இத வளத்தாரு. அதுலேருந்தே இது துக்கத்துல கீது."

டாக்டர் யோனாவைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். "இது துக்கம் இல்லம்மா. இனிப்பும் மாவும் ஜாஸ்தியானா புழுக்கை இப்படி சேறு மாதிரி ஒட்டும். என்ன குடுக்கிறீங்க?"

"கேரட் மட்டும்தான்."

"கேரட்டே இதுக்கு மிட்டாய் மாதிரி. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் பிளெஸ்ஸி. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ரஸ்க், பிரெட், அரிசி?"

"இல்ல."

சைமன் சுவரில் மாட்டியிருந்த நாய் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றாமல் நின்றார். "கரெக்டா சொன்னாதான் நான் எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும். வாயு இருந்தா ஒண்ணு, கெட்டியா அடைச்சிருந்தா ஒண்ணு. தப்பா போட்டா செத்துடும்."

"ரஸ்க் நான் குடுத்தேன்" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு?"

"காலையில ரெண்டு. சாயங்காலம் பிஸ்கட் நாலு, அஞ்சு. ஒரு மாசத்துக்கு மேல."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு சீட்டில் எழுதினார். "மொதல்ல ஓடி ஆடிச்சா?"

"ஆமா. ரொம்ப. கடிக்கக்கூட செஞ்சிது."

"இனிப்பு உள்ள போனா கொஞ்ச நேரம் துள்ளும். அப்புறம் இன்னும் வேணும்னு கம்பியக் கடிக்கும். அப்புறம் படுத்துடும். எல்லா முசலும் இப்படித்தான்." தோலுக்கடியில் மெதுவாக ஊசி போட்டார். யோனா அசையவில்லை. "இது காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் புல்ல மென்னுக்கினே இருக்கணும். அதுதான் இதுக்கு வேல. மென்னாதான் பல்லு தேயும், குடல் ஓடும், மனசும் ஒரு எடத்துல நிக்கும். ரஸ்க் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். மீதி நாள் பூரா அது இன்னா பண்ணும்?"

"அப்ப துக்கமே இல்லயா?" என்றாள் பிளெஸ்ஸி.

"இருக்கலாம்மா. எனக்கு அது தெரியாது. வயித்துல ரஸ்க் கீது, அது தெரியுது."

பிறகு அவர் இன்னொன்று கேட்டார்.

"சார் இருந்தப்ப இது நல்லாதானே இருந்துது? அவரு இன்னா போட்டாரு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். காலையில் சைக்கிளில் ஒரு சுற்று போவார், திரும்பும்போது கையில் ஒரு பை இருக்கும். அந்தப் பையில் பச்சையாக ஏதோ இருக்கும். நான் அப்போது சமையலில் இருப்பேன். ஏழு வருடமாக அந்தப் பையை நான் திறந்து பார்த்ததில்லை.

"புல்லுதான்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"எங்கண்ணனா?" என்றார் சைமன். "வீட்ல ஒரு தேங்கா ஒடைக்க மாட்டான். புல்லு அறுக்கப் போனானாம்."

டாக்டர் சிரிக்காமல் எழுதி முடித்தார். மாவு மாதிரி ஒரு மருந்தைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் விட வேண்டும். மணிக்கு ஒரு தரம் வயிற்றைத் தடவிவிட வேண்டும். எந்நேரமும் புல் இருக்க வேண்டும். "காஞ்ச புல்லு நான் கொஞ்சம் தரேன். பச்சையும் வேணும். கரிக கெடைக்குமா பாருங்க, மருந்தடிக்காதது."

கரிக என்றால் அருகம்புல்.

"புழுக்கை வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. காலையில எயிட் ஓ க்ளாக் வரைக்கும் வரலன்னா தூக்கிக்கினு வந்துடுங்க. கேரண்டி இப்ப சொல்ல முடியாது."

காரில் ஏறினோம். இந்த முறை பிளெஸ்ஸி கூண்டோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள், என் பக்கத்தில். சந்திரகிரி தாண்டினோம். கோட்டை மலை ஜன்னலில் வந்து போனது.

"நைனாவுக்கும் நீ இப்படித்தான் குடுத்தே" என்றாள்.

நான் கூண்டுக் கதவின் கொக்கியைச் சரி பார்த்தேன்.

"காபியில சக்கர. டாக்டர் வேணாம்னு எழுதியே குடுத்தாரு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். கேட்டா நீ மாட்டேன்னு சொல்லவே மாட்டே. யாருக்கும் சொல்ல மாட்டே. குடுத்துடுவே."

"ஏய் பாப்பா" என்றார் சைமன், கண்ணாடியில் பார்த்து. "அம்மாகிட்ட பேசற பேச்சா இது?"

"நெசம்தான சித்தப்பா."

அது நிஜம்தான். காலையில் ஒரு ஸ்பூன். அந்த ஒரு ஸ்பூனுக்காக அவர் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "பாப்பாகிட்ட சொல்லாத" என்பார். இதை பிளெஸ்ஸிக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று தோன்றியது. எனக்கு எங்கும் வலிக்கவில்லை. வலிக்க வேண்டுமே என்று மட்டும் தெரிந்தது.

சைமனால் அமைதியைத் தாங்க முடியாது. "கரிகன்னா நம்ம பிள்ளையார் கோயிலாண்ட கெடைக்கும்" என்று ஆரம்பித்தார். "மாலை கட்டி விக்கிறாங்க இல்ல. அங்க எறங்கி நீங்க வாங்கறத பாஸ்டரம்மா பாத்தாங்கன்னா, அடுத்த ஞாயித்துக்கிழம பிரசங்கம் நம்மளப் பத்திதான்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சித்தூரில் அந்தக் கோயில் முன்னால் நிறுத்தியபோது மணி நாலரை. பூக்கடை என்று சொல்வதற்கில்லை. ஒரு மர பெஞ்சு, மேலே நீலத் தார்ப்பாய். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அருகம்புல்லைச் சேர்த்துச் சேர்த்து நாரில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய், மாலை வேண்டாம், புல் மட்டும் வேண்டும் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காருக்குள் பிளெஸ்ஸியின் மடியிலிருந்த கூண்டைப் பார்த்தாள்.

"அது குந்தேலு சாரோடது இல்ல?"

குந்தேலு என்றால் தெலுங்கில் முயல்.

"எந்த சார்?"

"கண்ணாடி போட்டுக்கினு, ஒசரமா. தெனம் காலையில வருவாரே. போன்ல இந்த குந்தேலு போட்டோதான் காட்டுவாரு. மாலைக்கு ஆவாத புல்ல நான் எடுத்து வைப்பேன். பழைய பேப்பர் கட்டு கொண்டாந்து குடுப்பாரு, பூ மடிக்க. நாங்க அப்படியே பழக்கம்." பெஞ்சின் அடியிலிருந்து ஒரு செய்தித்தாள் கட்டைக் காலால் நகர்த்திக் காட்டினாள். எங்கள் வீட்டுச் செய்தித்தாள். மேல் ஓரத்தில் வீட்டு நம்பரை பேப்பர்காரர் பேனாவால் எழுதியிருந்தார். "ஒரு மாசத்துக்கு மேல ஆளக் காணோம். ஊருக்குப் போய்ட்டாரா?"

சபை கமிட்டி மெம்பர் நேசகுமார், ஏழு வருடம், தினமும் காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் நின்றிருக்கிறார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அவரு தவறிட்டாரு" என்றேன். "நான் அவரு வீட்டுக்காரி."

அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள்.  பிறகு புல்லை எடுத்துத் தண்ணீர் உதறி, இரண்டு கட்டாகக் கட்டி, எங்கள் செய்தித்தாளிலேயே சுற்றினாள். அவள் பேர் சந்திரம்மா என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"ஒரு கட்டு போதும்" என்றேன்.

"சார் ரெண்டு கட்டுதான் எடுத்துக்கினு போவாரு. ஒண்ணு குந்தேலுக்கு."

"இன்னொண்ணு?"

"நான் கேட்டதில்லம்மா. அத சைக்கிள்ல தனியா மாட்டிக்கினு அந்தப் பக்கம் போவாரு." கையால் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையைக் காட்டினாள். "நாளைக்கும் எடுத்து வைக்கட்டா?"

நான் இரண்டு கட்டையும் வாங்கிக்கொண்டு காருக்கு வந்தேன். 

வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் செய்தித்தாள் விரித்து யோனாவை விட்டோம். சைமன் மேசையிலிருந்த ரஸ்க் பாக்கெட்டுகளை எல்லாம் ஒரு சாக்கில் அள்ளினார். "நான் கொண்டு போறேன் அண்ணி. எம்பசங்க ரெண்டும் துன்னும். அதுங்க எப்படியும் துள்ளிக்கினுதான் கீதுங்க." போய்விட்டார்.

பிளெஸ்ஸி யோனாவின் தலையைப் பிடித்தாள், நான் சிரிஞ்சால் விட்டேன். பாதி வாயில் போனது, பாதி என் புடவையில். பிறகு அவள் வயிற்றைத் தடவினாள். டாக்டர் காட்டியபடி, வட்டமாக. புல்லை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. நாங்கள் எதிரெதிராகத் தரையில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் முயல். இந்த நாற்பத்தோரு நாளில் ஒரே அறையில் அவ்வளவு நேரம் நாங்கள் இருந்ததே இல்லை.

யோனா மூக்கை அசைத்தது. ஒரே ஒரு புல்லை நுனியில் பிடித்து இழுத்தது. மென்றது. நிறுத்தியது. மறுபடி மென்றது. காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"நானும் குடுத்தேன்" என்றாள் பிளெஸ்ஸி.

"என்ன?"

"வாழப்பழம். மத்தியானம் நீ படுத்தப்புறம். சில நாள் ரெண்டு. பிரெட்டும் குடுத்தேன்."

"டாக்டர் கேட்டாங்களே."

"நீ சொல்லிட்டே. அதோட வுட்டுட்டேன்." கையிலிருந்த புல்லை இரண்டாகக் கிள்ளினாள். "எங்கிட்ட மட்டும்தான் அப்படி ஓடி வருதுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு யோனாவைப் பார்த்தாள். "கள்ளப் பயல்" என்றாள், குரலே எழாமல்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "நைனா ஹாஸ்டலுக்கு வருவாரே. வந்தா பஸ் ஸ்டாண்டாண்ட பால்கோவா. நான்தான் வாங்கித் தருவேன். ஒவ்வொரு தரமும். அம்மாகிட்ட சொல்லாதன்னுவாரு."

"எங்கிட்டயும் சொன்னாரு" என்றேன். "பாப்பாகிட்ட சொல்லாதன்னு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சிரிப்பா, மற்றதா, எனக்குத் தெரியவில்லை. காரில் சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நகர்ந்து வந்து, என் தோளில் படாமல், ஆனால் என் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஏழரைக்கு யோனா எழுந்து இரண்டடி வைத்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் என்னவோ கிடந்தது. மிளகளவு. கோணலாக, கெட்டியாக, கறுப்பாக.

பிளெஸ்ஸி முழங்காலில் குனிந்து, போன் வெளிச்சத்தைப் போட்டு, இரண்டு படம் எடுத்தாள். ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்தில். அனுப்பினாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"இன்னா சொல்றாங்க?"

வாசித்தாள். "குட். ஆனா ஒண்ணு பத்தாது. வெயிட் பண்ணுங்க."

"சரி" என்றேன்.

காத்திருந்தோம்.